லண்டனிலிருந்து டிஸ்னிலாந்து பாரிஸுக்கு ரயிலில்: லீலில் மாறுவதா, பாரிஸ் வழியாகப் போவதா?

இல்ஃபர்ட் அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மே மாதக் கடைசியில் வரும் ஹாஃப் டெர்ம் லீவில் நான்கு நாள் டிஸ்னிலாந்து பாரிஸ் போவதாக வீட்டில் முடிவாகிவிட்டது. விமானம் வேண்டாம், ரயில்தான் என்பதும் முடிவு. பையனுக்கு ஐந்து வயது. கடலுக்கு அடியில் ரயில் போகும் என்று டீச்சர் வகுப்பில் சொன்ன நாளிலிருந்து, மிக்கி மவுஸைவிட அந்தச் சுரங்கம்தான் அவனுக்குப் பெரிதாகிவிட்டது.

என் குழப்பம் இதுதான். பத்து வருடத்துக்கு முன்னால் நண்பர் குடும்பம் போனபோது, லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் ஏறி நேராக பார்க் வாசலில் இறங்கினார்களாம். இப்போது தேடினால் அந்த ரயிலே கண்ணில் படவில்லை. வடக்கு பிரான்ஸில் இருக்கும் லீல் நகரில் இறங்கி மாறு என்கிறது. இன்னொரு இடத்தில், பாரிஸின் கார் து நோர் நிலையம் வரை போய் அங்கிருந்து உள்ளூர் ரயிலில் போ என்கிறார்கள். எதை நம்புவது?

நாங்கள் ஐந்து பேர். நான், மனைவி, மகள் (11 வயது, ஜூலையில் 12 முடிகிறது), பையன், அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு 71 வயது. ஏப்ரல் நடுவில் திருநெல்வேலியிலிருந்து வருகிறார். இங்கிலாந்து விசிட் விசா ஏற்கெனவே வந்துவிட்டது. இரண்டு முழங்காலிலும் வலி உண்டு. சமதளத்தில் மெதுவாக நடந்துவிடுவார். படி என்றால் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்றுதான். பிள்ளைகள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். எனக்கும் மனைவிக்கும் இந்திய பாஸ்போர்ட், இங்கே நிரந்தரக் குடியிருப்பு உரிமை உண்டு.

லீலா, பாரிஸா? லீல் என்றால் நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும்? பெட்டிகளை எப்படிச் சமாளிப்பது? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அம்மா இவ்வளவு தூரம் இன்னொரு முறை வருவாரா என்று தெரியாது. டிஸ்னிலாந்தின் அந்தக் கோட்டைக்கு முன்னால் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பதைப் பார்க்க வேண்டும். வழியிலேயே அவரைக் களைப்பாக்கிவிடக் கூடாது.


கிராய்டன்வாசி எழுதியது:

நண்பரே, ரயிலைப் பிறகு பார்க்கலாம். முதலில் அம்மாவின் ஷெங்கன் விசா, அதாவது பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. இங்கிலாந்து விசிட் விசாவை வைத்துக்கொண்டு பிரான்ஸுக்குள் போக முடியாது. "லண்டன் வந்ததும் இங்கேயே போட்டுக்கொள்ளலாம்" என்று நினைத்தால் அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். எந்த நாட்டில் குடியிருக்கிறோமோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதி. இங்கே சுற்றிப்பார்க்க வந்தவரின் விண்ணப்பத்தை வாங்க மறுத்துவிடலாம். எனவே அம்மா ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, இந்தியாவிலேயே விண்ணப்பிக்கட்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே வாங்குகிறார்கள். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள். சில விண்ணப்பங்களை 45 நாள் வரை இழுக்கவும் விதி இடம் தருகிறது. அத்தனை நாளும் பாஸ்போர்ட் அவர்களிடமே இருக்கும். ஏப்ரல் விமானத்தை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

நீங்களும் மனைவியும் லண்டனில் விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு மூவருக்கும் கட்டாயம். பாஸ்போர்ட்டில் இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும், பிரான்ஸை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகளுக்கு விசா தேவையில்லை. ஆனால் அவர்களுடைய பாஸ்போர்ட்டுக்கும் அந்த மூன்று மாத விதி உண்டு.

இன்னொன்று. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பாவின் புதிய எல்லைப் பதிவு முறை படிப்படியாக வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப்படமும் விரல்ரேகையும் பதிவாகும். 12 வயதுக்குக் கீழ் விரல்ரேகை கிடையாது, முகப்படம் மட்டும். இதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை. நிலையத்தில் இதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.


ரெடிங் அம்மா எழுதியது:

சகோ, நீங்கள் கடைசியில் அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் உட்கார்ந்து நீளமாகவே எழுத வேண்டும் என்று தோன்றியது. 2024 அக்டோபர் ஹாஃப் டெர்மில் இதே வழியில் நாங்கள் போனோம். நான், கணவர், 9 வயதுப் பெண், 6 வயதுப் பையன், கைத்தடியோடு 68 வயது மாமியார்.

உங்கள் நண்பர் சொன்னது சரிதான். அந்த நேரடி ரயில் 1996-இல் ஆரம்பித்தது. 2023 ஜூன் 5-உடன், லண்டனிலிருந்து அந்தச் சுரங்கம் வழியாக ரயில் ஓட்டும் யூரோஸ்டார் நிறுவனம் அதை நிறுத்திவிட்டது. பழைய பயணக் குறிப்புகளில் "ஆஷ்ஃபர்டில் ஏறலாம், கார் நிறுத்த வசதி" என்றெல்லாம் இன்னும் இருக்கும். ஆஷ்ஃபர்டிலும் எப்ஸ்ஃப்ளீட்டிலும் 2020-லிருந்து யூரோஸ்டார் நிற்பதில்லை. செயின்ட் பாங்க்ரஸ் ஒன்றுதான் வழி.

போகும்போது லீல்தான். அம்மாவின் முழங்காலை நினைத்தால் எனக்கு இதில் இரண்டாவது கருத்தே இல்லை. லண்டனிலிருந்து லீல் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து டி.ஜி.வி என்ற பிரெஞ்சு அதிவேக ரயிலில் மார்ன்-லா-வாலே ஷெஸ்ஸிக்கு ஒரு மணி நேரம். அந்த நிலையம் பார்க்கின் மடியிலேயே இருக்கிறது. பிளாட்ஃபார்மிலிருந்து லிஃப்டில் மேலே வந்து கதவைத் தாண்டினால் இரண்டு நிமிட நடை, பார்க் வாசல். பாரிஸ் நகரத்துக்குள் நுழையவே வேண்டாம்.

ஆனால் லீலில் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். இதை நாங்கள் கஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கொஞ்சம் பணம் மிச்சமாகிறதே என்று இரண்டு ரயிலுக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தோம். நடுவில் 35 நிமிடம். மாறி ஏறுவதற்கு இது போதாதா என்று நினைத்தோம். லீலில் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன, லீல் யூரோப், லீல் ஃப்ளாந்த்ர் என்று. லண்டன் ரயில் வருவது யூரோப்புக்கு. எங்கள் டி.ஜி.வி கிளம்புவதும் அதே யூரோப்பிலிருந்துதான், டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தது. ஆனால் இறங்கியதும் கூட்டம் ஒரு பக்கமாக நகர்ந்தது, நாங்களும் அதோடு எஸ்கலேட்டரில் ஏறி வெளியே வந்துவிட்டோம். எதிரே இன்னொரு நிலையத்துக்கு வழி காட்டும் பலகை. அந்தப் பக்கம் பாதி தூரம் நடந்த பிறகுதான் கணவர் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார். திரும்பி வந்து, மாமியாரோடு லிஃப்டுக்குக் காத்திருந்து கீழே இறங்கியபோது ரயில் எங்கள் கண் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தது. கதவுகள் மூடியிருந்தன. கிளம்பும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே அங்கே கதவை மூடிவிடுவார்கள், அதுவும் எங்களுக்குத் தெரியாது. தவறு முழுக்க எங்களுடையது.

பையன் அழ ஆரம்பித்துவிட்டான். எனக்கும் தொண்டை அடைத்தது. மாமியார் மட்டும் அங்கிருந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து, தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "பரவால்லம்மா, காலை நீட்ட இடம் கிடைச்சுது" என்றார். புளியோதரை டப்பாவைத் திறந்து இரண்டு பிள்ளைகளுக்கும் அவரே ஊட்டினார். அடுத்த ரயிலுக்கு ஐந்து பேருக்கும் புதிதாக டிக்கெட் வாங்கி, மாலையில்தான் போய்ச் சேர்ந்தோம். முதல் நாள் பார்க் டிக்கெட்டில் பாதி வீண்.

அதனால் சொல்கிறேன், லண்டனிலிருந்து ஷெஸ்ஸி வரை ஒரே புக்கிங்காக எடுங்கள். முதல் ரயில் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடச் சொல்லிக் கேட்க உங்களுக்கு ஒரு பிடி இருக்கும். தனித்தனி டிக்கெட் என்றால் அது உங்கள் பாடு. லீலில் இறங்கியதும் நிலையத்தை விட்டு வெளியே போகாதீர்கள். அங்கே பாஸ்போர்ட் சோதனை எதுவும் இருக்காது, ஏனென்றால் பிரெஞ்சு போலீஸ் செயின்ட் பாங்க்ரஸிலேயே பார்த்து அனுப்பிவிடுகிறது. நேராகத் திரையைப் பார்த்து பிளாட்ஃபார்ம் எண் வரும் வரை உட்கார்ந்திருங்கள்.

டி.ஜி.வி பற்றி இரண்டு விஷயம். பல ரயில்கள் மாடி வைத்தவை. அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் இடம் கேட்டு வாங்குங்கள், மாடிப்படி குறுகலாக இருக்கும். இரண்டு ரயில்களை ஒன்றாகக் கோத்து ஓட்டுவதும் உண்டு. பெட்டி எண்ணோடு ரயில் எண்ணையும் சரிபார்த்து, பிளாட்ஃபார்மில் எந்த எழுத்துக்குக் கீழே நிற்க வேண்டும் என்று பார்த்து முன்கூட்டியே அங்கே போய் நின்றுவிடுங்கள். ரயில் வந்த பிறகு பெட்டியும் பிள்ளையுமாக ஓடுவது முடியாத காரியம். சாமான்கள் எல்லாவற்றிலும் பெயர் எழுதிய அட்டை தொங்க வேண்டும், பிரெஞ்சு ரயிலில் அது கட்டாயம்.

செயின்ட் பாங்க்ரஸில் ரயில் கிளம்ப 30 நிமிடம் இருக்கும்போது நுழைவு வாயிலை மூடிவிடுவார்கள். ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். சக்கர நாற்காலி உதவியை அங்கும் லீலிலும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். "நான் நடப்பேன்" என்று அம்மா சொல்வார், என் மாமியாரும் சொன்னார். வரிசையில் நிற்பது வேறு, நடப்பது வேறு. முழங்காலுக்கு நிற்பதுதான் எதிரி. பார்க்குக்குள்ளும் வாடகைக்குச் சக்கர நாற்காலி கிடைக்கும், கூச்சப்படாமல் எடுங்கள்.

சாமான் விஷயத்தில் யூரோஸ்டார் தாராளம். பெரியவருக்கு 85 செ.மீ. நீளம் வரை இரண்டு பெட்டி, கூட ஒரு கைப்பை. பிள்ளைக்கு ஒரு பெட்டியும் ஒரு கைப்பையும். எடை போட்டுப் பார்ப்பதில்லை. அதற்காக ஏழெட்டு பெட்டி கட்டாதீர்கள். உங்கள் வீட்டில் தூக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். நான்கு நாளுக்கு மூன்று பெட்டி தாராளம். அம்மா கையில் ஒரு தோள்பை மட்டும் இருக்கட்டும்.

மகளுக்கு ஜூலையில்தான் 12 என்றால் மே மாதமே சரியான நேரம். ரயிலிலும் பார்க்கிலும் 11 வயது வரைதான் சிறுவர் கட்டணம். பையனை வீட்டிலேயே சுவரில் நிறுத்தி உயரம் அளந்து வையுங்கள். பிக் தண்டர் மவுன்டன் சவாரிக்கு 102 செ.மீ. வேண்டும், ஹைப்பர்ஸ்பேஸ் மவுன்டனுக்கு 120. வரிசையில் நின்ற பிறகு அளவுகோலுக்கு முன்னால் ஏமாறுவது பிள்ளைக்குத் தாங்காது.

அப்புறம் அந்தச் சுரங்கம். உங்கள் பையனிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள், மீன் தெரியாது என்று. என் பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு காத்திருந்தான். இருட்டு வந்தது, அவன் முகமே அவனுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். கடல் நமக்கு மேலே இருக்கிறது, நாம் கடலின் தரைக்கும் கீழே பாறைக்குள் போகிறோம் என்று அவனுக்குப் புரிய வைக்க எனக்குப் பாதிச் சுரங்கம் ஆனது. மொத்தம் 50 கிலோமீட்டர், அதில் கிட்டத்தட்ட 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். மிக ஆழமான இடத்தில் கடலின் தரைக்கு 75 மீட்டர் கீழே. ரயில் அதைக் கடக்க 20 நிமிடம்தான். புரிந்ததும் அவன் அண்ணாந்து ரயிலின் கூரையையே பார்த்துக்கொண்டு வந்தான். மீனைவிட அது அவனுக்குப் பிடித்துப்போனது.

மறுநாள் காலையில்தான் கோட்டைக்குப் போனோம். மேலே எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோட்டைக்கு அடியில் ஒரு குகை இருக்கிறது, அதில் ஒரு டிராகன் படுத்திருக்கும். சங்கிலி போட்ட பெரிய உடம்பு. தூங்குவதுபோல மூச்சு விடும், திடீரென்று தலையைத் தூக்கி உறுமும், மூக்கிலிருந்து புகை வரும். வரிசை கிடையாது, உயரக் கட்டுப்பாடும் கிடையாது. மாமியார் அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார். பையன் அவர் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஒவ்வொரு உறுமலுக்கும் ஒரு அடி முன்னால் வந்தான். முந்தின நாள் அலைந்ததெல்லாம் எனக்கு அங்கே மறந்துபோனது. அம்மாவை அங்கே கட்டாயம் கூட்டிப் போங்கள்.


லாச்சப்பல்காரன் எழுதியது:

வணக்கம் அண்ணை. நான் பரிசில் 19 வருடமாக இருக்கிறேன். வீடு நுவாசியேலில், வேலை தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பல் பகுதியில். டிஸ்னிக்குப் போகிற அதே ஆர்.இ.ஆர் ஏ என்கிற புறநகர் ரயிலில்தான் தினமும் போய் வருகிறேன்.

போகும்போது லீல் என்று அக்கா சொன்னது சரி. திரும்பும்போது பரிஸ் வழியாக வாருங்கள் என்பது என் கருத்து. காரணம் ஒன்றுதான். ஷெஸ்ஸி அந்த ரயிலின் கடைசி நிலையம். ரயில் அங்கே வெறுமையாக நிற்கும், ஐந்து பேருக்கும் சேர்ந்து இருக்க இடம் கிடைக்கும், அம்மாவுக்குக் கதவுக்குக் கிட்டவே இடம் பிடிக்கலாம். இதே ரயிலில் பரிசிலிருந்து டிஸ்னிக்குப் போவதென்றால் நகர நடுவில் இருக்கிற ஷாத்லே நிலையத்தில் நெரிசலுக்குள் ஏற வேண்டும். பெட்டிகளோடும் முழங்கால் வலியோடும் அது சரிவராது.

ஷெஸ்ஸியிலிருந்து ஷாத்லே லெ ஆலுக்கு 40 நிமிடம் அளவில் ஆகும். அங்கே ஆர்.இ.ஆர் பி அல்லது டி-க்கு மாறினால் அடுத்த நிலையமே கார் து நோர். ஷாத்லே பெரிய நிலையம், சனம் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் அம்மா பயந்துவிடுவா. அதனால் நான் என் தாயாரைக் கூட்டி வரும்போது வல் து ஃபோந்தனேயிலேயே இறங்கி ஆர்.இ.ஆர் ஈ-க்கு மாறுவேன். அது மஜெந்தா என்ற நிலையத்துக்குப் போகும். மஜெந்தாவும் கார் து நோரும் நிலத்துக்குக் கீழே ஒன்றோடொன்று இணைந்தவை. நிலையம் ஆழத்தில் இருக்கிறது, ஆனால் சனம் குறைவு. இறங்கியதும் முதலில் லிஃப்டைத் தேடுங்கள்.

டிக்கெட் விஷயம். 2025 ஜனவரியிலிருந்து பரிஸ் பிராந்தியம் முழுவதற்கும் மெட்ரோவுக்கும் ஆர்.இ.ஆருக்கும் ஒரே கட்டணமாக்கிவிட்டார்கள். அப்போது அது 2.50 யூரோ. முன்பு டிஸ்னிக்கு அதைப்போல இரண்டு மடங்கு கொடுத்தோம். நவிகோ ஈசி என்ற அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். ஒருவருக்கு ஒரு அட்டை வேண்டும், ஒரே அட்டையை ஐந்து பேரும் மாறி மாறிக் காட்ட முடியாது. வெளியே வரும் வாயிலிலும் அட்டையை வைத்தால்தான் திறக்கும், பிள்ளைகளிடம் கொடுத்துத் தொலைத்துவிடாதீர்கள்.

ஒருவேளை போகும்போதும் இந்த வழியாக வர நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஏ லைன் கிழக்கே போகும்போது வன்சேனுக்குப் பிறகு இரண்டாகப் பிரியும். பலகையில் மார்ன்-லா-வாலே ஷெஸ்ஸி என்று இருந்தால் மட்டும் ஏறுங்கள். புவாசி என்று இருந்தால் வேறு கிளை. டோர்சி என்று இருந்தால் சரியான கிளைதான், ஆனால் பாதியிலேயே நின்றுவிடும்.

திரும்பும் நாளில் ரயிலுக்கு நான்கைந்து மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். பெட்டிகளை கார் து நோரில் பூட்டி வைக்கிற இடம் இருக்கிறது. அங்கிருந்து லாச்சப்பல் பத்து நிமிட நடை. நான்கு நாள் பர்கரும் பொரித்த கிழங்கும் சாப்பிட்ட வாய்க்கு, ரூ து ஃபோபூர் சன் தெனியில் எந்தக் கடைக்குள் போனாலும் சோறும் கறியும் கிடைக்கும், தமிழிலேயே கதைக்கலாம். அம்மாவுக்கு ஏலுமென்றால் ரூ பஜோலில் இருக்கிற மாணிக்க விநாயகர் கோயிலுக்கும் போகலாம். மதியம் நடை சாத்தியிருப்பார்கள், நேரம் பார்த்துப் போங்கள். கார் து நோரிலும் ஷாத்லேயிலும் கைப்பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், போனைப் பின் பையில் வைக்க வேண்டாம்.

லண்டன் ரயிலுக்கான இடம் கார் து நோரில் மேல்தளத்தில் இருக்கிறது. இரண்டு நாட்டுக் குடிவரவுச் சோதனையும் அங்கேயே முடிந்துவிடும், லண்டனில் இறங்கி நேரே வெளியே போகலாம். அம்மாவின் இங்கிலாந்து விசா பலமுறை உள்ளே வர அனுமதிக்கிற விசாவா என்று இப்போதே பார்த்து வையுங்கள். பிரித்தானிய அதிகாரி அங்கே அதைத்தான் பார்ப்பார்.


இல்ஃபர்ட் அப்பா எழுதியது:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. கிராய்டன் நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு எல்லா பாஸ்போர்ட்டையும் மேசையில் பரப்பிப் பார்த்தேன். அம்மாவுடையது 2031 வரை இருக்கிறது, இங்கிலாந்து விசாவும் பலமுறை வரக்கூடியதுதான். என்னுடையதுதான் ஜூலையில் முடிகிறது! மே கடைசியில் போனால் மூன்று மாதக் கணக்குக்கு வராது. விசா வாங்கப் போன இடத்தில்தான் தெரிந்திருக்கும். இன்று காலையே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டேன். புது பாஸ்போர்ட் வந்ததும் இங்கே என் குடியிருப்பு உரிமையைக் காட்டும் இணைய மின்விசாக் கணக்கில் அந்த எண்ணைச் சேர்க்க வேண்டும் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். அம்மா அடுத்த வாரம் தம்பியோடு சென்னை விசா மையத்துக்குப் போகிறார்.

போகும்போது லீல், வரும்போது பாரிஸ். வீட்டில் எல்லோருக்கும் இது பிடித்துவிட்டது. லாச்சப்பல் என்றதும் மனைவிக்குக் கூடுதல் சந்தோஷம்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி, ரெடிங் சகோதரிக்கு. அம்மாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. வழிக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகலாமா? ரயிலில் ஏதாவது சொல்வார்களா?


ரெடிங் அம்மா எழுதியது:

சகோ, நல்லவேளை கேட்டீர்கள். ரயிலுக்குள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தயிர்சாதம் மட்டும் வேண்டாம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதிலிருந்து, இங்கிருந்து பால், பால்பொருட்கள், இறைச்சி எதையும் ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. தயிர், மோர், பனீர் எல்லாம் அதில் அடங்கும். கைக்குழந்தைக்கான பால்மாவுக்கு விலக்கு உண்டு.

புளியோதரை, எலுமிச்சைச் சாதம், இட்லியில் நல்லெண்ணெயோடு மிளகாய்ப்பொடி தடவியது, இவை போதும். நான் இட்லியை ஈரத்துணி சுற்றி வைத்தேன், லீல் வரை மெத்தென்று இருந்தது. பழத்திலும் விதி உண்டு. வாழை, அன்னாசி, தேங்காய், பேரீச்சை, டூரியன் ஐந்துக்கும் தடையில்லை. ஆப்பிள், திராட்சை மாதிரி மற்ற புதுப் பழங்களுக்குச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழமே எடுத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கும் அதுதான் நல்லது.

அம்மாவுக்குத் தயிர் இல்லாமல் இறங்காதென்றால், ஆர்.இ.ஆர் ஏ ரயிலில் ஷெஸ்ஸிக்கு முந்தின நிலையம் வல் த்யூரோப். அங்கே பெரிய கடைவளாகம் இருக்கிறது, அதிலுள்ள சூப்பர் மார்க்கெட்டில் சர்க்கரை சேர்க்காத தயிர் வாங்கலாம். பிரெஞ்சுக்காரர்களின் தயிர் கெட்டியாக நன்றாகவே இருக்கும். மாமியார் அறையில் வைத்துத் தினமும் ராத்திரி அதைத்தான் சாப்பிட்டார். பாக்கெட் சோற்றை ஹோட்டலில் சூடுபண்ணித் தரச் சொல்லிக் கேட்டோம், மறுக்காமல் செய்து தந்தார்கள்.

திரும்பும்போது மறந்துபோய் மிச்சத் தயிரையோ சீஸையோ பையில் போட்டுவிடாதீர்கள். 2025 ஏப்ரலிலிருந்து அங்கிருந்து இங்கே கொண்டுவரவும் தடை இருக்கிறது. கடைசி நாள் காலையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.


இல்ஃபர்ட் அப்பா எழுதியது:

அப்படியே செய்கிறோம். இப்போதுதான் அம்மாவோடு போனில் பேசினேன். தயிர்சாதம் கிடையாது என்றதும் முதலில் முகம் வாடியது. அங்கேயே தயிர் வாங்கலாம் என்றதும் சரி என்றுவிட்டார். விசா கைக்கு வந்ததும் ஒரே புக்கிங்காக ரயில் எடுத்துவிடுவேன். லீலில் 1 மணி 20 நிமிட இடைவெளி வருகிற மாதிரி ஒரு ரயிலைக் குறித்து வைத்திருக்கிறேன்.

பையன் போனைப் பிடுங்கி, "ஆச்சி, கடலுக்குக் கீழ போவோம், மீன் தெரியாது, ஆனா மேல இருக்கும்" என்று கத்தினான். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உள்ள வெளிச்சம் இருக்குமா?" என்று என்னிடம் கேட்டார். பெட்டிக்குள் விளக்கு எரியும் அம்மா, 20 நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம் என்றேன். அப்படியென்றால் ஜன்னல் பக்கத்து இடத்தை அவனுக்கே கொடுத்துவிடச் சொன்னார்.